விலக்குப் பட்டியலில் ஒரு பெயர்

அத்தியாயம் பதினேழு

சமையல் மேடைக்குக் கீழே இரண்டாவது இழுப்பறையில் இருக்கும் நீல அட்டை நோட்டைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை சொல்ல வாய்க்கவில்லை. பதினாறு வாரமும் சண்டைகளுக்கும் சமாதானங்களுக்குமே இடம் சரியாகப் போய்விட்டது. போன வாரம்கூட, மாடி அறை கடைக்குட்டி மகள் சுண்டுவுக்குத்தான் என்று மாமியார் தீர்ப்புச் சொல்ல, மருமகளின் கணவனான மூத்த மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, மருமகள்தான் "அவளுக்கே இருக்கட்டும்" என்று பஞ்சாயத்தை முடித்து வைத்தாள்.

நோட்டு விஷயத்துக்கு வருவோம். மாமனார் ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அவருடைய ஃபோனையும் கம்ப்யூட்டரையும் திறக்க யாருக்கும் வழி தெரியவில்லை. முப்பது வருடம் அவர் எடுத்து வைத்திருந்த படங்கள் அத்தனையும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. காரியமெல்லாம் முடிந்த கையோடு மாமியார் சட்டம் போட்டார்: இந்த வீட்டில் இனிமேல் யாரும் எதையும் பூட்டிவிட்டுப் போகக்கூடாது. ஆளுக்கு ஒரு பக்கம். இருக்கிற பாஸ்வேர்டையெல்லாம் எழுதி வை.

மருமகள் கல்யாணமாகி வந்த இரண்டாவது வாரம், மாமியார் நோட்டைப் பிரித்து ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டி, "இது உன் பக்கம்மா" என்றார்.

வந்த புதிது. அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டால் நான் இந்த வீட்டு ஆள் இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. ஃபோன், மெயில், ஆஸ்பத்திரி சர்வர் என்று மூன்றையும் எழுதினாள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. பதினோரு வருடமாகப் பழையதை அடித்து, புதியதை எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள்.

அவள் வேலை என்ன என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நானூறு படுக்கை ஆஸ்பத்திரி. அதன் நோயாளிப் பதிவுகள் அத்தனையும் கிடக்கும் டேட்டாபேஸுக்கு அவள்தான் காவல். கேட்டால் சிரிப்பு வருகிறதல்லவா? அவளுக்கு வந்ததில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பத்திரண்டு வரை.

அன்று அவள் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். சர்வர் அறையை ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன அறை. ஜன்னல் கிடையாது. சர்வருக்குப் போடுகிற ஏசி இவளுக்கும் சேர்த்து வேலை செய்வதால் வருடம் முழுக்க ஸ்வெட்டர்.

வேலை இதுதான். டேட்டாபேஸில் சந்தேகப்படும்படி ஏதாவது நடந்தால் சர்வர் தானாகவே மெயில் அனுப்ப வேண்டும். யாராவது தொடர்ந்து மூன்று முறை தப்பான பாஸ்வேர்டு போட்டால் ஒரு மெயில். பூட்டிய பதிவை, அதாவது பதிந்து ஒரு நாள் தாண்டிய பதிவை, யாராவது திருத்தினால் ஒரு மெயில். புதிதாக யாருக்காவது உள்ளே நுழைய அனுமதி கொடுத்தால் அதற்கும். மெயில் மூன்று பேருக்குப் போகும்: அவள், துறைத்தலைவி, நிர்வாகக் கட்டடத்திலிருக்கும் பாதுகாப்பு அதிகாரி.

துறைத்தலைவிக்கு ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பெயர் ஸ்கேல். நடையிலோ பேச்சிலோ வளைவு கிடையாது.

பகல் பன்னிரண்டு மணிவரை சோதனை ஓட்டம். அதுவரை மெயில்கள் மருமகளுக்கு மட்டும் வரும். பன்னிரண்டு அடித்ததும் காலையிலிருந்து சேர்ந்த நிகழ்வுகளெல்லாம் ஒரே கடிதமாக மூன்று பேருக்கும் போகும். அன்றிலிருந்து அது தன் பாட்டுக்கு ஓடும்.

முதல் சோதனை மெயில் குப்பைப் பெட்டியில் போய் விழுந்தது. "நீயே என்னை நம்பலைன்னா ஊர் எப்படி நம்பும்?" என்று கம்ப்யூட்டரிடம் கேட்டுவிட்டு, அதைச் சரிசெய்தாள். இரண்டாவது ஒழுங்காக வந்தது. வேண்டுமென்றே தப்பாக மூன்று முறை பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தாள். ஐந்தே விநாடியில் மணி அடித்தது. நன்றாக இருந்தது அவளுக்கு. செய்த வேலை பதில் சொல்லும்போது வருகிற சந்தோஷம்.

டீ வாங்கி வரலாமென்று எழுந்தபோது மறுபடி மணி அடித்தது.

இந்த முறை அவள் ஒன்றும் போடவில்லை.

மூன்று தப்பான முயற்சி. நாலாவது முறை நுழைவு. உடனே பின்னாலேயே இன்னொரு மெயில்: பூட்டிய பதிவுகள் இரண்டு திருத்தப்பட்டன. இடம், பதிவு கவுன்ட்டர் மூன்று. நேரம், ஏழு ஐம்பத்திரண்டு. நுழைந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயர் இருந்தது.

தன் கையைப் பார்த்துக்கொண்டாள். காலி டீக் கோப்பைதான் இருந்தது.

கவுன்ட்டர் மூன்றில் காலை ஷிப்ட் சுண்டுவுக்கு. பாஸ்வேர்டு மாற்றியது போன வெள்ளிக்கிழமை. பழையதை மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறாள், நுழையவில்லை. அப்புறம் புதியது கிடைத்திருக்கிறது. எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று யோசிக்க மருமகளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு ஃபோன் போட்டாள்.

"அத்தை, காலைல சுண்டு பேசினாளா?"

"பேசினாளே. அண்ணி பாஸ்வேர்ட மாத்திட்டாங்கம்மா, புதுசப் படின்னா. நீ ஏதோ கை வேலையா இருக்கியாம். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சேன், ஒரு எழுத்து தப்பு விடல. ஏம்மா, உள்ள போகலியா?"

"போயிடுச்சு அத்தை."

"பின்ன என்ன? மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடு. ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டே உக்காந்துடாத."

ஃபோனை வைத்த பிறகும் மருமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. பயம்தான் வந்தது, அதுவும் முதலில் தன்னைப் பற்றி.

சுண்டுவைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுவது நல்லது. ஒன்றரை வருடக் கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியோடு வீடு திரும்பியவள். முதல் வருடம் வாசலைத் தாண்டியதில்லை. யார் வந்தாலும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள். அண்ணிதான் விண்ணப்பத்தை நிரப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இந்த வேலையில் உட்கார வைத்தாள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். இன்னும் ஒன்பது நாள் பாக்கி. இப்போதெல்லாம் வீட்டில் சுண்டு பாட்டு முணுமுணுக்கிறாள், அண்ணன்களை வாய்க்கு வாய் மடக்குகிறாள்.

மாடிப்படித் திருப்பத்தில் வைத்துக் கேட்டாள் அண்ணி.

"என்ன செஞ்ச?"

சுண்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். பொய் சொல்லப் பார்க்கவில்லை. "நானே உங்ககிட்ட வரணும்னுதான் இருந்தேன் அண்ணி. மெயில் வரும்னு எனக்குத் தெரியாது."

"மெயில் வராட்டி?"

சுண்டு அடையாள அட்டைக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"சரி, முழுசாச் சொல்லு."

காலை ஏழரைக்கு ஓர் அம்மாள் மூட்டு வலிக்காக வந்திருக்கிறார். கார்டை அச்சடித்துக் கொடுத்ததும் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். எனக்கா பென்சிலின் ஒத்துக்காது? கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பாச்சே என்றாராம். சுண்டு பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்திருக்கிறாள். அதே பெயர், அதே வயது, வேறொரு அம்மாள் மூன்று வாரம் முன்னால் பித்தப்பைக் கோளாறு என்று வந்திருந்தார். அவருக்குத்தான் பென்சிலின் ஆகாது. சுண்டுதான் பதிந்தவள். ஆள் மாற்றி, அதை இந்த மூட்டு வலி அம்மாளின் பழைய பதிவில் ஏற்றிவிட்டாள்.

"திருத்தப் படிவம் எழுதியிருக்கலாம் இல்ல?"

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு படிவம் ஆச்சு அண்ணி. ஒண்ணு விலாசம், ஒண்ணு பிறந்த வருஷம். மூணாவது வந்தா தகுதிகாண் காலத்திலேயே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க பேர்ல நுழைஞ்சா பூட்டின பதிவும் திறக்குமே. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகிடக்கூடாதுன்னுதான் உடனே மாத்தினேன். ரெண்டையும் சரியா மாத்திட்டேன், நீங்களே பாருங்க."

"பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?" என்றாள் சுண்டு. கண் கலங்கியிருந்தது. "ஒன்பது நாள் அண்ணி."

அண்ணியும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். "நீ போய் உக்காரு. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. பார்த்துக்கொள்ள வழியும் இருந்தது. அதுதான் சங்கடமே.

மேஜையில் ஸ்கேல் கைப்பட எழுதிக்கொடுத்த குறிப்பு கிடந்தது. விலக்குப் பட்டியல் என்று தலைப்பு. டேட்டாபேஸ் காவலர்கள் வேலை நிமித்தம் பூட்டிய பதிவுகளைத் தினமும் தொட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தால் உண்மையான மணி காதில் விழாது. ஆகவே அவர்கள் பெயரை எச்சரிக்கையிலிருந்து விலக்கி வைக்கவும். பட்டியலில் முதல் பெயர் மருமகளுடையதுதான். காலையில் டீக்கு முன்னாலேயே அதைச் சேர்த்திருந்தால் மணியே அடித்திருக்காது.

இப்போது சேர்த்தாலும் தப்பில்லை. மேலதிகாரி எழுதிக்கொடுத்த வேலை. பட்டியலில் உள்ள பெயர்களை விட்டுவிட்டுத்தான் கடிதம் தயாராகும் என்பதால் பன்னிரண்டு மணிக் கடிதத்தில் இந்த வரி வராது. யாரும் எதையும் மறைத்ததாகவும் ஆகாது. சுண்டு ஒன்பது நாளைத் தாண்டிவிடுவாள். நோட்டு இழுப்பறையிலேயே கிடக்கும்.

மணி ஒன்பதே கால். பெயரை அடித்தாள். விரல் சேமிப்புப் பொத்தானுக்குப் போனது.

அவளை நிறுத்தியது மனசாட்சி என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது அது இல்லை. நிறுத்தியது பழக்கம். எதைச் சேமிக்கும் முன்பும் அதனால் வேறென்ன நடக்கும், வேறென்ன நடக்காமல் போகும் என்று ஒரு தடவை பார்ப்பது அவள் வழக்கம். வீட்டில் அடுப்பை அணைத்தபின் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாளே, அந்தக் குணம்.

திருத்தப் படிவம் வழியாகப் பதிவு மாறினால் சர்வர் இரண்டு வேலை செய்யும். பதிவை மாற்றும். நோயாளி படுத்திருக்கும் வார்டுக்கு ஒரு சீட்டும் அனுப்பும்: பழைய கார்டை எடு, புதியதை அச்சடி. காவலர் பெயரில் நுழைந்து நேராகக் கை வைத்தால் பதிவு மட்டும்தான் மாறும். சீட்டு போகாது.

பித்தப்பை அம்மாளின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். நேற்று மாலை ஆறு மணிக்கு அட்மிட். நாலாவது மாடி. இன்று பதினோரு மணிக்கு ஆபரேஷன்.

நேற்று மாலை அச்சடித்த கார்டு கட்டில் கால்மாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் மருந்து ஒவ்வாமை, ஏதுமில்லை என்று இருக்கும். ஆபரேஷனுக்கு அரை மணி முன்னால் ஓர் ஊசி போடுவார்கள். என்ன ஊசி என்று மருமகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மருந்துப் பட்டியலும் அவள் டேட்டாபேஸில்தான் இருக்கிறது.

வார்டுக்கு ஃபோன் போட்டாள்.

"சிஸ்டர், பதினாலாம் நம்பர் படுக்கை. அவங்களுக்குப் பென்சிலின் ஒத்துக்காது. கார்டுல தப்பா இருக்கும்."

"யார் பேசறது?"

"டேட்டாபேஸ் செக்‌ஷன்."

"சீட்டு வரலியே எனக்கு? ஃபோன்ல யார் வேணா என்ன வேணா சொல்லலாம். நேத்து நானே கேட்டேன் அந்தம்மாவ, எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு. அதான் போன தடவையே எல்லாம் எழுதிக்கிட்டாங்களேன்னு சொன்னாங்க. எழுதியிருக்கறது ஏதுமில்லைன்னு."

எழுதிக்கொண்டார்களே. அந்த வார்த்தை மருமகளை எங்கோ குத்தியது. எழுதி வைத்தவர்களை நம்பி ஒரு மனுஷி படுத்துக் கிடக்கிறாள்.

"சிஸ்டர், ஊசிய மட்டும் நிறுத்தி வைங்க. படிவத்த நானே கொண்டு வரேன்."

"பத்தே காலுக்குள்ள கொண்டு வாங்க. அதுக்கு மேல டாக்டர் கேட்டா என்கிட்ட காகிதம் இருக்கணும்."

கவுன்ட்டர் மூன்றில் வரிசை நின்றுகொண்டிருந்தது. அண்ணி பின்பக்கமாகப் போய்க் குனிந்து, சுண்டுவின் காதில் நாலே வாக்கியம் சொன்னாள். சுண்டு அடித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டாள்.

"நான் மாத்திட்டேனே அண்ணி."

"கம்ப்யூட்டர்ல மாத்திட்ட. கட்டில்ல மாறல."

"இப்பவும் உங்க பேர்லயே ஒரு படிவம் போட முடியாதா?" என்று கேட்டவள், கேட்ட மாத்திரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வரிசையில் முதலில் நின்றவரிடம், "ஒரு நிமிஷம் சார், பக்கத்து கவுன்ட்டருக்குப் போங்க" என்றாள். படிவத்தை உருவினாள். தவறு செய்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்திலும் தன் பெயரையே எழுதினாள்.

ஷிப்ட் மேற்பார்வையாளர் படித்துவிட்டு ஏறிட்டுப் பார்த்தார். "மூணாவதும்மா இது."

"தெரியும் சார். கையெழுத்துப் போடுங்க, நேரமில்ல."

லிஃப்ட் வரவில்லை. நாலு மாடியும் இருவரும் ஏறினார்கள். ஸ்வெட்டரோடு ஏறியதில் அண்ணிக்கு மூச்சு வாங்கியது. கடைசி மாடிக்குச் சுண்டுதான் அவள் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். சிஸ்டர் படிவத்தை வாங்கி, இரண்டு தடவை படித்து, பழைய கார்டைக் குறுக்கே கோடு போட்டு எடுத்தார். புதுக் கார்டில் சிவப்பில் பென்சிலின் என்று வந்தது. தட்டில் தயாராக இருந்த ஊசி மருந்து திரும்பப் போனது. மணி பத்து எட்டு.

பதினாலாம் நம்பர் அம்மாள் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏதாவது தப்பாயிடுச்சா?" என்று கேட்டார்.

"சரியாயிடுச்சும்மா" என்றார் சிஸ்டர்.

இறங்கும்போது சுண்டு அழுதாள். சத்தமில்லாமல், படிக்கு ஒரு சொட்டாக. இரண்டாவது மாடியில் நின்றாள்.

"படிவம் வேற, உங்க பேர்ல நுழைஞ்சது வேற இல்ல அண்ணி? படிவத்துக்கு என்னக் கேக்கட்டும். அத மட்டும் மெயில்ல வராம விலக்கிடுங்களேன். உங்களுக்கும் அதான் நல்லது. உங்க வேலையும் போயிடும்."

நியாயமான பேச்சு. மருமகளும் நாலு மாடி ஏறும்போது அதையே யோசித்திருந்தாள்.

"சுண்டு, இன்னிக்கு நீ நுழைஞ்ச. நல்லதுக்குத்தான் நுழைஞ்ச. ஆனா என் பேர்ல யார் நுழைஞ்சாலும் மணி அடிக்காதுன்னு நான் பண்ணி வச்சா, அப்புறம் நானூறு பேருக்கும் யாரு காவல்? தப்புல பெருசு உன்னுது இல்ல. நோட்டுல எழுதினது நான். பதினோரு வருஷமா எழுதியிருக்கேன்."

"அம்மா கேட்டா எழுதாம இருக்க முடியுமா?"

"முடியணும். எனக்குத்தான் தைரியமில்ல. உங்க வீட்டு ஆளா ஆகறதுக்கு ஆஸ்பத்திரிச் சாவியக் கொண்டுவந்து கொடுத்திருக்கேன்."

சுண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீடாம்ல" என்றாள், பாதி அழுகையும் பாதிக் கோபமுமாக. மீதிப் படிகளை முன்னால் இறங்கிப் போய்விட்டாள். அண்ணிக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. அதே சமயம் வலித்தது.

பட்டியலில் அடித்த தன் பெயரை அழித்தாள். பதினொன்றரைக்கு ஸ்கேலின் கதவைத் தட்டினாள். பன்னிரண்டு மணிக் கடிதம் போவதற்கு முன்னால் நேரில் சொல்வதுதான் மரியாதை.

ஸ்கேல் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் மேஜை மேலிருந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

"சமையலறை நோட்டுல?"

"ஆமா மேடம்."

"எத்தனை பேர் வீட்ல?"

"என்னோட சேத்து அஞ்சு. அத்தை, அவர், கொழுந்தன், சுண்டு."

"பதினோரு வருஷம்?"

"ஆமா."

ஸ்கேல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மருமகள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "உன்ன விட நல்லா இந்த ஆஸ்பத்திரியில யாரும் வேலை செய்யல. அதான் எனக்கு எரிச்சலா இருக்கு" என்றார். "கவுன்ட்டர் பொண்ணுக்கு மூணு படிவம். விதி என்னன்னு உனக்குத் தெரியும். ஆனா மூணாவத அவளே எழுதிக்கிட்டு ஓடியிருக்கா. அப்படி ஒருத்திய என்ன பண்றதுன்னு விதியில எழுதல. திங்கக்கிழமை குழு உக்காந்து பேசும். அதுவரைக்கும் ரெண்டு பேர் பாஸ்வேர்டும் முடக்கம். நீ வீட்டுக்குப் போகலாம்."

"பன்னெண்டு மணி மெயில்?"

"போகும். காலைல நடந்த அத்தனையும் இருக்கும்."

மருமகள் தலையாட்டினாள். எழுந்திருக்கப் போனவளை ஸ்கேல் கையமர்த்தினார்.

"உக்காரு. குழுவுக்குக் கொடுக்கணும்னா இன்னிக்கு மட்டும் போதாது. உன் பேர்ல மூணு மாசத்துல நுழைஞ்ச எல்லாத்தையும் எடுக்கணும். நீ எடுக்கக்கூடாது, நான் எடுக்கறேன்."

பிரின்ட்டர் பதினெட்டுப் பக்கம் துப்பியது. ஸ்கேல் பென்சிலோடு வரி வரியாக இறங்கினார். சர்வர் அறை, சர்வர் அறை, சர்வர் அறை. எல்லாம் மருமகளே. பதிமூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

"மூணு வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. சாயந்திரம் நாலு பத்து. எங்க இருந்த?"

"இங்கதான் மேடம். பேக்கப் எடுக்க வந்தேன். நீங்களும் இருந்தீங்க."

"இருந்தேன். நாலு மணிக்கு நீ சர்வர் அறையில நுழைஞ்சது இருக்கு. நாலு பத்துக்கு இன்னொரு தடவை நுழைஞ்சிருக்க. ராத்திரி அவசரத்துக்குன்னு உன் வீட்டுக்குக் கொடுத்திருக்கோமே, அந்த லேப்டாப்லேர்ந்து."

மருமகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சுண்டுவைத்தான் நினைத்தாள். ஆனால் அந்த ஞாயிறு சுண்டு கீழே கவுன்ட்டரில் இருந்தாள். இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறி வீடு திரும்பினார்கள்.

"என்ன மாத்தியிருக்காங்க?"

"ஒண்ணும் மாத்தல. ஒரே ஒரு நோயாளியோட பதிவைத் திறந்து நாப்பது நிமிஷம் படிச்சிருக்காங்க."

"யாரோடது?"

ஸ்கேல் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

அந்த எண்ணை மருமகள் மனப்பாடமாக அறிவாள். நாலு வருடத்துக்கு முன்னால், தூக்கம் முழுசாகத் தொலைந்த மூன்று மாதம், வியாழன்தோறும் ஐந்து மணிக்கு இதே ஆஸ்பத்திரியின் பின் கட்டடத்தில் ஒரு மனநல டாக்டர் முன்னால் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். வீட்டில் வேலை ஜாஸ்தி என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னதையெல்லாம் டாக்டர் வரி விடாமல் எழுதி வைத்திருந்தார். மாமியாரைப் பற்றிச் சொன்னது. புருஷனைப் பற்றிச் சொன்னது. ஒரு நாள் பெட்டியைக் கட்டிவிட்டு மறுபடி பிரித்து அடுக்கியது. அந்த எண் அவளுடையது.

வீட்டில் மிச்சம் மூன்று பேர். அதில் ஒருவருக்கு மூன்று வாரமாக எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், மாடி அறைக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இது உன் சொந்த விஷயம்" என்றார் ஸ்கேல். குரல் இறங்கியிருந்தது. "இந்த ஒரு வரிய மட்டும் நான் குழுவுக்குக் காட்டாம வச்சுக்கலாம். காட்டினா யாருன்னு விசாரிப்பாங்க. உன் வீட்டுக்கு வருவாங்க. என்ன சொல்ற?"

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆக இரண்டு நிமிடம் இருந்தது. மருமகள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ திறந்து, யாரோ படித்து, யாரோ பத்திரமாக மூடி வைத்துவிட்டுப் போன தன் மூன்று மாதத்தை.

"காட்டுங்க மேடம்" என்றாள். "ஆனா திங்கக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கணும்."